பழைய கருவிகளில் துரு நீக்குவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சம்பா அறுவடைக்கு ஆள் தேடும் சமயத்தில்தான் எரவாணத்தில் செருகி வைத்த அரிவாளின் நினைவு பலருக்கு வருகிறது. எடுத்துப் பார்த்தால் செங்காவி பூசியது போல் துரு ஏறியிருக்கும். தொழுவத்து மூலையில் சாத்தி வைத்த மண்வெட்டியும், கடப்பாரையும், களைக்கொட்டும் அதே கதியில் இருக்கும். அறுவடை இயந்திரம் வந்துவிட்ட ஊர்களிலும் வரப்போரம் அறுக்க, சாய்ந்து கிடக்கும் பயிரை அறுக்க, மாட்டுக்குப் புல் அறுக்க, வாய்க்கால் வெட்ட, வேலி கழிக்கக் கைக்கருவிகள் இல்லாமல் முடியாது.

அவசரத்தில் விவசாயிகள் வழக்கமாகச் செய்வது மூன்று காரியங்கள். சிலர் கருவியை மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று தீட்டி வாங்கி வருவார்கள். சிலர் காம்பு கழலவில்லை என்று அப்படியே நெருப்பில் போட்டு எடுப்பார்கள். இன்னும் சிலர் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பார்கள். இம்மூன்று வழியிலும் துரு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் துருவோடு சேர்ந்து கருவியின் உயிரும் போய்விடும். தாத்தா காலத்து அரிவாள் அதற்குப் பிறகு நாலு பிடி அறுப்பதற்குள் மழுங்குகிறதே என்று இரும்பைக் குறை சொல்வதில் பயனில்லை.

முன்பெல்லாம் கெட்டுப்போன கருவியை உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சி அடித்துக் கொள்ளலாம். இன்று பல ஊர்களில் உலைக்களமே இல்லை. லாரியின் வில்லுப் பட்டையை வெட்டிக் கையால் அடித்த பழைய அரிவாளுக்கு நிகராகக் கடையில் தொங்கும் தகட்டு அரிவாளைச் சொல்ல முடியாது. ஆகவே கையில் இருப்பதைக் கெடுக்காமல் காப்பாற்றிக் கொள்வதே சிறு விவசாயிக்கு லாபம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருள்களே போதும்.

துருவின் தன்மை

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் துரு உண்டாகும். இவற்றில் ஒன்றைத் தடுத்தாலும் துரு பிடிக்காது. எண்ணெய் தடவுவதன் நோக்கம் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாமல் தடுப்பதுதான். செம்பில் களிம்பு பிடித்தால் அது ஓரளவுக்கு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்புத் துரு அப்படியல்ல. அது பொருக்குப் பொருக்காக, பஞ்சு போல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வதால் உப்பி உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வந்து அதுவும் துருப்பிடிக்கும். விட்டுவைத்தால் கருவி முழுவதையும் தின்றுவிடும்.

உப்பு பட்டால் இந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். கடலோர மாவட்டங்களில் கருவிகள் சீக்கிரம் கெடுவதற்கு இதுவே காரணம். உர மூட்டைகளும் இதில் சேர்த்திதான். மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உர மூட்டை மேல் அரிவாளைப் போட்டு வைத்தால் மழையில் நனையாமலே துருப்பிடித்துவிடும். சாணமும் மூத்திரமும் ஊறிய தொழுவத் தரையும் அப்படித்தான்.

மயில்துத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். போர்டோ கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க அரிவாளை நனைத்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. செந்நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்தச் செந்நிறம் அரிவாளின் இரும்பு கரைந்து, அதன் இடத்தில் படிந்த செம்பு. சோதனை முடிந்ததும் அரிவாளைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாளே துரு காணலாம்.

கருவிக்கும் ஒரு தோல் உண்டு

துரு நீக்குவதற்கு முன் கருவியின் மேற்பரப்பு எத்தகையது என்று அறிந்துகொள்ள வேண்டும். உலையில் காய்ச்சி அடித்த கருவியின் உடம்பில் கறுப்பாக, மெல்லிதாக, கெட்டியாக ஒரு படலம் இருக்கும். இதைத் துரு என்றோ அழுக்கு என்றோ எண்ணித் தேய்த்து எடுப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது சூட்டில் உண்டான கறுப்பு ஆக்சைடு. விரிசலின்றி இருக்கும் வரை, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஒரு தோல் போல உதவுகிறது. அதைச் சுரண்டி வெள்ளி போல் மினுங்க வைத்தால் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு முன்னைவிட விரைவில் செந்துரு ஏறும். பளபளப்பு வேண்டிய இடம் வாய்ப்பகுதி ஒன்றுதான். உடம்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, தோய்ச்சல். கொல்லர் அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது வாய் கடினமாகிறது. அப்படியே விட்டால் கண்ணாடி போல் உடையும். எனவே பிறகு இளஞ்சூடு காட்டி, வாயில் ஓடும் நிறத்தைப் பார்த்து, பக்குவம் வந்ததும் நிறுத்துவார். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரி சென்டிகிரேடில் வரும். நீலம் 300 டிகிரியை ஒட்டி வரும். கொல்லர் நிறுத்திய சூட்டைவிட அதிகமாக மறுபடியும் சூடேறினால் அவர் வைத்த பதம் இளகிவிடும். காம்பு எரிக்க நெருப்பில் போட்ட கருவியின் பதம் அன்றே போயிற்று. சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினமும் போயிற்று. தீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நொடிக்கொரு தரம் தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொல்ல வேண்டும். கை பொறுக்காத சூடு ஏற விடக்கூடாது.

கடையில் வாங்கிய கருவிகளில் பெயிண்ட், நிக்கல் அல்லது குரோமிய முலாம், துத்தநாகப் பூச்சு என்று வேறு வேறு பூச்சுகள் இருக்கும். ஒன்றுக்கு ஆகிற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. அவற்றைப் பின்னால் காணலாம்.

முதலில் மண்ணெண்ணெய்

நல்ல வெளிச்சத்தில் கருவியைக் கழுவி, மண்ணும் சாணமும் போக்கி, காய வைத்துப் பார்க்க வேண்டும். துணியால் துடைத்தால் சிவப்பாகத் துணியில் ஒட்டும் துரு மேலோட்டமானது. நகத்தால் கீறினால் ஏடு ஏடாகப் பெயர்வது முற்றியது. காம்பு செருகும் துளையைச் சுற்றி இரும்பு காகிதம் போல் மெலிந்திருந்தாலோ, கீறல் கண்டிருந்தாலோ அந்தக் கருவிக்கு மெனக்கெட வேண்டாம். ஓங்கி வெட்டும்போது தலை கழன்று பறந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெய் போதும். மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் டீசல் உபயோகிக்கலாம். துணியை நனைத்துக் கருவியைச் சுற்றி ஒரு இரவு வைத்தால் எண்ணெய் துருவின் பொருக்குகளுக்குள் இறங்கி அதை இளக்கும். மறுநாள் தேங்காய் நாரால், இரும்பின் நீளவாக்கில், ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழும். இந்த வேலையை அடுப்புக்குப் பக்கத்திலோ, பீடி புகைத்துக்கொண்டோ செய்யக்கூடாது.

நார் அசைக்காத துருக்கட்டிகளுக்குப் பித்தளைத் தகடு அருமையான கருவி. உடைந்த பித்தளைக் கரண்டியின் ஓரம் போதும். பித்தளை எஃகைவிட மிருதுவானது. ஆகவே துருவைப் பெயர்க்குமே தவிர, அடியிலுள்ள கறுப்புத் தோலைக் கீறாது. கத்தி முனையாலோ உளியாலோ சுரண்டினால் தோலும் கிழியும். கொல்லர் பதித்த முத்திரை இருக்கும் இடத்தில் பித்தளையும் நாரும் தவிர வேறொன்றையும் படவிடாமல் இருப்பது நல்லது. திருப்பாச்சேத்தி போன்று அரிவாளுக்குப் பேர் போன ஊர்களின் பழைய கருவிகளில் அந்த முத்திரைதான் அடையாளம். சாணைச் சக்கரம் அதை அரை நிமிஷத்தில் அழித்துவிடும்.

கடப்பாரை, கொழு, கோடரியின் பின்தலை போன்ற முரட்டு இரும்புக்குக் கம்பி பிரஷ் உபயோகிக்கலாம். அப்போது கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்குத் துணியும் அவசியம். பிரஷ்ஷின் கம்பி முறிந்து கண்ணில் பாய்வதுண்டு. துருப்பிடித்த இரும்பு கீறினால் தனுர்வாயு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். துருவினால் அது வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வருகிறது. விவசாயக் கருவி எப்போதும் மண்ணிலும் சாணத்திலும் புழங்குவதால் காயம்பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டி, தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டுக் கொள்வது அவசியம்.

உப்புத்தாள் தேவைப்பட்டால் 320 அல்லது 400 நம்பர் தாளை எண்ணெயில் நனைத்து, வாய்ப்பகுதிக்கு மட்டும் உபயோகிக்கலாம். நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையானது. 60, 80 நம்பர் தாள்கள் மரவேலைக்கு ஆகும், அரிவாளுக்கு ஆகாது.

புளியும் எலுமிச்சை உப்பும்

எண்ணெய்க்கு மசியாத துருவுக்குப் புளிப்பு வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டுப் பழக்கம் இரும்புக்கும் பொருந்தும். ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வீட்டில் பானையில் அடைத்து வைத்த பழம்புளியில் பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும். உப்பு துருவுக்குத் துணை போகிற பொருள். எனவே உப்பிடாத புதுப்புளியையே எடுத்துக்கொள்ள வேண்டும். உப்புப் போட்ட மோரும், ஊறுகாய்ச் சாறும் இதே காரணத்தால் ஆகாதவை.

100 கிராம் புளியை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துத் துருவின் மேல் அப்பி, உலராதபடி ஈரத்துணியால் மூடி வைக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து நாரால் தேய்த்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் மீண்டும் ஒரு முறை செய்யலாம்.

துரு முற்றியிருந்தால் எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலம் நல்லது. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் கரைத்து, கருவியின் இரும்புப் பகுதி மட்டும் மூழ்கும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானையே ஏற்றது. நாகத்தகடு பூசிய வாளியிலோ அலுமினியப் பாத்திரத்திலோ வைத்தால் புளிப்பு அந்தப் பாத்திரத்தையும் சேர்த்துத் தின்னும்.

எத்தனை நேரம் என்பதுதான் முக்கியம். புளிப்பு முதலில் துருவைக் கரைக்கும். துரு தீர்ந்ததும் சும்மா இருக்காது; நல்ல இரும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கறுப்புத் தோலையும் மெல்ல அரிக்கும். எனவே போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு தரம் எடுத்து நாரால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துருவுக்கு ஒன்றிரண்டு மணி நேரமும், முற்றியதற்கு நாலைந்து மணி நேரமும் பெரும்பாலும் போதும். கருவியின் மேல் குமிழ் குமிழாக வாயு கிளம்புவது தெரிந்தால் நல்ல இரும்பு கரைகிறது என்று பொருள். உடனே எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்க ஊறப் போட்டுக் காலையில் எடுப்பது சோம்பேறி வைத்தியம். துரு போனாலும் மேற்பரப்பு சாம்பல் பூத்து, சொரசொரப்பாகி, எண்ணெய் போட்டாலும் பழைய நிறம் வராது.

எடுத்தபின் செய்ய வேண்டியதில்தான் பலர் தவறுகிறார்கள். புளிப்பில் இருந்து வந்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. கழுவி அப்படியே வைத்தால் அரை மணியில் மஞ்சளாகத் துரு பூக்கும். தண்ணீரில் கழுவியதும் 1 லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் சில நிமிஷம் முக்கி எடுத்தால் மிச்சப் புளிப்பு முறிந்துவிடும். மீண்டும் வெந்நீரில் அலசி, துணியால் துடைத்து, உச்சி வெயிலில் வைத்து, இரும்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். வெதுவெதுப்பான இரும்பில் எண்ணெய் மெல்லிய குழிகளுக்குள்ளும் ஓடும். மழைமூட்டமான நாளில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே உசிதம்.

கழிப்பறை ஆசிட் ஏன் கூடாது என்றால், அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. கையையும் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கும் என்பது ஒருபுறம் இருக்க, அதன் ஆவி அந்த அறையில் தொங்கும் மற்ற இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். தோய்ச்சல் ஏறிய ரம்பம், வில், மெல்லிய கத்தி போன்றவை கடும் அமிலத்தில் கிடந்தால் உள்ளே ஹைட்ரஜன் வாயு புகுந்து, வெளியே தெரியாமல் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதும் உண்டு.

குழி விழுந்த துருவை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. குழியின் அடிவரை தேய்க்க வேண்டுமானால் சுற்றிலுமுள்ள நல்ல இரும்பையும் அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும். அது கருவியை மெலியச் செய்யும் வேலை. உடம்பிலுள்ள குழியில் கறுப்பாகப் படிந்து நிற்பதை அப்படியே விட்டு எண்ணெய் போட்டால் அது மேலும் பரவாது. வாயிலேயே குழி இருந்தால்தான் கொல்லரிடம் போக வேண்டியிருக்கும்.

கடுக்காய்ச் சாறு

இரும்பைத் துளியும் தேய்க்காமல் துருவை அடக்கும் முறை ஒன்று இருக்கிறது. கடுக்காயில் துவர்ப்புச் சத்து ஏராளம். தோல் பதனிட அது உபயோகமாவது இதனால்தான். இந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு உண்டாகும். பழங்காலத்தில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே முறைதான். துருவின் மேல் கடுக்காய்ச் சாற்றைத் தடவினால் செந்துரு மாறிக் கறுப்பாகக் கெட்டிப்பட்டு ஒட்டிக் கொள்ளும். தொல்பொருள் காப்பகங்களில் பழைய இரும்புச் சாமான்களுக்கு டானிக் அமிலம் பூசுவது இதே காரியத்துக்காகவே.

செய்முறை எளிது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில், இரும்பல்லாத பாத்திரத்தில் போட்டு, பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க வைத்து ஆறவிட்டு வடிகட்ட வேண்டும். உதிரும் துருவை முதலில் நாரால் தட்டிவிட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவி, சாற்றைத் துணியால் மெல்லியதாகத் தடவி உலரவிட வேண்டும். இரண்டு அல்லது மூன்று பூச்சுகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்தபின் அடுத்தது. நிறம் கறுத்ததும் எண்ணெய் தடவிவிடலாம். கையில் பட்டாலும் வேட்டியில் பட்டாலும் கறை லேசில் போகாது.

மண்வெட்டித் தகட்டின் முதுகு, கோடரித் தலை, கொடுவாளின் உடம்பு, வண்டிப் பட்டை போன்றவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. வெட்டும் வாய்க்குத் தேவையில்லை. தீட்டும்போது அது எப்படியும் போய்விடும். கடுக்காய்ப் பூச்சு மிக மெல்லியது என்பதையும் மறக்கக்கூடாது. அது எண்ணெய்க்கு மாற்று அல்ல.

கருக்கரிவாள்

பல் வைத்த கருக்கரிவாளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் பற்கள் ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். உப்புத்தாளோ அரமோ அந்தப் பக்கத்தில் பட்டால் கருக்கு மழுங்கி, கதிரை அறுப்பதற்குப் பதிலாக இழுக்கும். நெல் உதிர்வதும் அறுப்பவர் மணிக்கட்டு வலிப்பதும் அதனால்தான். இதற்கு மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, பல்லின் போக்கிலேயே, உள்ளிருந்து வாய்ப்புறமாகத் தேய்க்க வேண்டும். முற்றிய துருவுக்குப் புளிக்கரைசலை அரை மணி நேரம் மட்டும் அப்பலாம். ஊறப் போடுவது வேண்டாம்; பல்லின் நுனி மிக மெல்லியதாகையால் முதலில் கரைவது அதுதான். பல் தேய்ந்துவிட்டதென்றால் கருக்கு வைக்கத் தெரிந்த கொல்லரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மற்றக் கருவிகள்

கவாத்துக் கத்தரியைத் திருகு கழற்றிப் பிரித்து, பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வில் எந்தப் பக்கம் என்று பிறகு தெரியாது. ரம்பத்தை மட்டமான மரக்கட்டையில் படிய வைத்து எண்ணெயும் 400 நம்பர் தாளும் கொண்டு நீளவாக்கில் தேய்க்கலாம். தகட்டில் அச்சிட்ட எழுத்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

குரோமிய முலாம் பூசிய ஸ்பானர்களில் புள்ளி புள்ளியாகத் துரு கண்டால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மிருது, கீறல் விழாது. முலாம் உரிய ஆரம்பித்துவிட்ட ஸ்பானரைப் புளிப்பில் போட்டால் மீதியும் ஏடாகக் கழன்று வரும். நாகத்தகடு பூசிய வாளி, பூவாளி முதலியவற்றுக்கு எந்தப் புளிப்பும் ஆகாது. துரு கண்ட இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்ட் பூசிய கருவியைச் சலவைச் சோடா நீரில் ஊறப்போட்டால் பெயிண்ட் உரியும்.

பேட்டரி சார்ஜரையும் சலவைச் சோடா நீரையும் கொண்டு மின்சாரத்தால் துரு நீக்கும் முறையும் வழக்கத்தில் உள்ளது. நல்ல பலன் தரும். நல்ல இரும்பைத் தின்னாது. ஆனால் கருவியை எதிர்முனையில் மாட்ட வேண்டும். நேர்முனையில் ஒரு கழிவு இரும்புத் துண்டு. முனை மாறினால் கருவியே கரையும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகு வைத்தால் விஷமுள்ள குரோமியக் கழிவு உண்டாகும். சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்; தீப்பொறி ஆகாது. மின்சார வேலை அறிந்தவர் உடனிருந்தாலன்றி இதில் இறங்காமலிருப்பது நல்லது.

காம்பு

காம்போடு கருவியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பிக் கெட்டிப்படும். ஆடிய காம்பு நின்றுவிட்டது என்று மகிழ்ச்சியாக இருக்கும். வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகச் சுருங்கி ஆடும். துளைக்குள்ளே தேங்கிய ஈரம் இரும்பை உள்ளிருந்து தின்னும். கூடுமானால் ஆப்பைத் தட்டிக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். வரவில்லையென்றால் துளையின் ஓரத்தில் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு ஒரு நாள் பொறுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் காம்பை அறுத்து மிச்சத்தை மரத்துளியால் குடைந்து எடுக்கலாம். நெருப்பு மட்டும் வேண்டாம்.

கருவேலங்காம்பு இரும்பு பட்ட இடத்தில் கறுத்திருப்பது அழுகல் அல்ல. அந்த மரத்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறுப்புதான் அது. கைபட்டுப் பட்டு வழவழப்பேறிய பழைய காம்பை உப்புத்தாள் போட்டுப் புதிதாக்க முயல்வது வீண் வேலை. அந்த வழவழப்பு மறுபடி வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை கை கொப்பளிக்கும். ஈரத்துணியால் துடைத்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடுமாதலால், விரித்து உலர்த்தியோ தண்ணீரில் நனைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

எந்த எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் நல்லது. புல் அறுக்கும் அரிவாளுக்கும் காய்கறி வெட்டும் கத்திக்கும் பயமின்றிப் போடலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் பிசினாக ஒட்டும், வேறில்லையென்றால் போடலாம். நாலைந்து மாதம் எடுக்காமல் வைக்கப்போகிற கொழு, கடப்பாரை முதலியவற்றுக்கு விளக்கெண்ணெய் சிறந்தது. கெட்டியாக ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்கும். கட்டை வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு குழைத்துப் போட்டதும் இதைத்தான். தேன்மெழுகு கிடைத்தால் ஒரு பங்கு மெழுகை மூன்று பங்கு தேங்காய் எண்ணெயில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி ஆறவிட்டால், கையில் ஒட்டாத நல்ல களிம்பு கிடைக்கும்.

டிராக்டரில் இருந்து வடித்த கழிவு எண்ணெய் செலவில்லாமல் கிடைக்கிறது என்று பலர் பூசுகிறார்கள். அதில் எரிந்த கசடும் அமிலமும் கலந்திருக்கும். தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். நாளெல்லாம் கையில் பிடிக்கும் கருவிக்கு அது ஏற்றதல்ல.

வைக்கும் இடம்

பெரும்பாலான வீடுகளில் கருவிகளை ஆண்டுக்கொரு தடவை ஒழுங்காகக் கழுவுவது ஆயுத பூஜைக்குத்தான். அது வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருவதால், காலம் மிகப் பொருத்தமானதே. ஆனால் கழுவி, ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூஜை முடிந்ததும் அப்படியே எடுத்துச் செருகிவிடுகிறார்கள். பொட்டு வைத்த இடத்தில் ஈரம் தங்கி, அதே அளவில் வட்டமாகத் துரு பிடிக்கிறது. மறுநாள் பொட்டைத் துடைத்துவிட்டு எண்ணெய் தடவினால் மழைக்காலத்தை அந்த ஒரு பூச்சிலேயே பாதி கடத்திவிடலாம்.

எரவாணமும் வைக்கோல் போரும் அரிவாள் செருக வசதியானவை. ஆனால் மழைக்காலத்தில் நனைந்த ஓலையும் வைக்கோலும் இரும்புக்கு ஈரத்துணி சுற்றியது போலத்தான். மண்தரையில் சாத்துவதும் அவ்வாறே. சுவரில் இரண்டு மரமுளை அடித்து, தரையிலிருந்து உயரத்தில், உர மூட்டைகளுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் எட்டத்தில் தொங்கவிட வேண்டும். வாய்ப்பகுதி குழந்தைகளுக்கு எட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். சாக்கில் சுற்றி வைப்பவர்கள், அந்தச் சாக்கு முன்பு உரமோ உப்போ இருந்ததா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

தினமும் வேலை முடிந்ததும் வாய்க்காலில் கழுவுவதோடு நிறுத்தாமல், காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து வைக்க ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காது. அதற்கென்று ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெய் நனைத்த துணியைப் போட்டு, கருவிகள் தொங்கும் முளையிலேயே மாட்டி வைக்கலாம். கடலோரக் கிராமங்களில் உபயோகிக்காத கருவிகளுக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் காட்ட வேண்டியிருக்கும். உள்நாட்டில் மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையும், கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் போதும்.